கிழித்துப் போட்ட ரஃப் தாள்

இந்த ஊரில் எழுதும்போது தப்பு வந்துவிட்டால் அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் இதைத் தெரிந்துகொண்டேன். ஒரு குறிப்பில் தேதியை மாற்றி எழுதிவிட்டேன். மேலாளர் டெபியிடம் போய் வைட்னர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மிகுந்த அன்போடு சமையலறைக்குப் போய், காப்பியில் கலக்கும் பால்பொடி டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். நான் தாளைக் காட்டி, இதன்மேல் பூச என்று விளக்கியதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அது இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது என்றார். தப்பான சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல், நேரம், அவ்வளவுதான். கோட்டுக்கு அடியில் பழைய சொல்லை எவரும் படிக்க முடிய வேண்டும். சொந்தத் தப்பை ஊரார் பார்க்க விட்டுவைப்பது என்ன பழக்கமோ என்று நினைத்தேன். அன்று போனில் என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் சொந்த ஊர் பூதப்பாண்டியில் எனக்கு ஷீபா டீச்சர் என்று பெயர். பகலில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துவேன். சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிப்பவர்களுக்குப் பிழை கண்டுபிடிக்கும் வகுப்பு. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டிக் கொடுத்து, எந்தத் துண்டில் தப்பு என்று கேட்பார்கள். நான்காவது விடை 'நோ எரர்'. என் மாணவர்களுக்கு அந்த நான்காவது விடையைத் தொடவே பயம். தப்பே இல்லாத வாக்கியத்தை எதற்குக் கேட்கப் போகிறார்கள் என்று ஏதாவது ஒன்றைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். நானும் அப்படிப்பட்டவள்தான். 'ஒன் ஆஃப் மை பிரெண்ட்' என்றால் அந்த 'எஸ்' எங்கே என்பேன். 'டிஸ்கஸ் அபௌட்' என்றால் அபௌட்டைத் தூக்கு என்பேன். 'டிட் நாட் வென்ட்' என்று யாராவது சொல்லிவிட்டால் பல் கூசும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பிளெக்ஸ் போர்டில் இருக்கும் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன், இலையில் சோறு ஆறிப்போகும். என் கணவர் ஜெயன் உரக்கடையில் வேலை பார்ப்பவர், இதையெல்லாம் பார்த்து, "ஏட்டி, ஒனக்கு ஒடம்புல ரெத்தம் ஓடுகா, செவப்பு மசி ஓடுகா?" என்பார்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் தெரியும், ரஃப் என்று ஒன்று உண்டு, ஃபேர் என்று ஒன்று உண்டு. ரஃபில் எப்படியும் கிறுக்கலாம். ஃபேரில் ஓர் அடித்தல் இருந்தாலும் பக்கத்தையே மாற்றி எழுத வேண்டும். என் வகுப்பில் இன்னும் ஒரு சட்டம் இருந்தது. திருத்திய ரஃப் தாளைக் கிழித்து, என் மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஃபேர் காப்பியை நீட்ட வேண்டும். தப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அதுவே மனசில் நின்றுவிடும் என்று காரணம் சொல்வேன். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நல்ல தப்புகளை மட்டும் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். தேதி போட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல், தப்பின் அடியில் சிவப்புக் கோடு இழுத்து. அடுத்த நாள் பாடம் அதிலிருந்துதான் வரும். மாணவர்கள் அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இங்கே வரும்போது துணிமணிகளுக்கு நடுவே ஒரு புது நோட்டையும் வைத்துக்கொண்டு வந்தேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. வந்த புதிதில் எனக்கே அது தேவைப்பட்டது. நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை இங்கே யாரும் பேசவில்லை. 'வீ வாஸ்' என்கிறார்கள், 'ஷீ வாஸ் ஸாட் தேர்' என்கிறார்கள். முதல் வாரம் என் கை பேனாவைத் தேடியது. அவர்கள் சொன்னால் அது அவர்கள் ஊர்ப் பேச்சு, நாம் சொன்னால் தப்பு, இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளச் சில மாதம் ஆயிற்று. வாய் திறக்கவே பயமாக இருந்தது. யாராவது எதிரே வந்து "யூ ஆல்ரைட்?" என்று கேட்டால், என் முகத்தில் ஏதோ கோளாறு தெரிகிறது போல என்று கண்ணாடியைப் போய்ப் பார்ப்பேன். அது வெறும் வணக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

பேச்சில் விட்டதை எழுத்தில் பிடித்துக்கொண்டேன். என் குறிப்புகள் சுத்தமாக இருக்கும். ஒரு வருடத்தில் என்னைச் சீனியராக்கினார்கள். மாத்திரை கொடுப்பது, மற்றவர்கள் எழுதும் தினக்குறிப்பைப் பார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. இந்த இல்லத்தில் இன்னும் தாளில்தான் எழுதுகிறோம். அதனால் மெல்ல மெல்லத் திருத்தும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால் பினி வந்தாள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பெண். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு செக்போஸ்ட்தான். என்னைப் பார்த்த முதல் நாளே சேச்சி என்று கூப்பிட்டாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயதானவர்களைத் தூக்கி உட்கார வைப்பதில், சாப்பிட வைப்பதில் அவளுக்கு இணை கிடையாது. எழுதச் சொன்னால் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பாள். "சேச்சி, எழுதக்குள்ள எனக்கு பேடியாட்டு வருது" என்பாள். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலும் பயத்தைப் பேடி என்றுதான் சொல்வார்கள். நான் இருக்கும்போது என்ன பேடி என்று அவளை நானே தேற்றினேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டோரத்தி என்று ஒரு பாட்டி எங்கள் இல்லத்தில் இருக்கிறார். நினைவு கொஞ்சம் தடுமாறும், ஆனால் கேலிக்குக் குறைச்சல் இல்லை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பகல் வேலை முடியும் நேரத்தில் பினி தினக்குறிப்புத் தாளைக் கொண்டுவந்தாள். டோரத்திக்குக் கால் வலி என்று ஐந்தாறு வரி. வரிக்கு ஒரு தப்பு. நான் புதுத் தாள் எடுத்து அழகாக ஒரே வரியில் எழுதினேன்: 'டோரத்தி கம்ப்ளெய்ன்ட் ஆஃப் பெய்ன் இன் ஹெர் லெக்.' நேரத்தில் ஐந்து மணி என்று போட்டேன். பினி அதன் கீழே கையெழுத்திட்டாள், பக்கத்தில் நானும் இட்டேன். வலி மாத்திரை ஒன்று கொடுத்தேன். பினியின் தாளை வழக்கம்போல நாலாகக் கிழித்துக் கழிவுத்தாள் பெட்டிக்குள் போட்டேன். அது அரவைக்குப் போய்விடும் பெட்டி. டோரத்தியைச் சாப்பாட்டு அறைக்கு நானே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். அவர் மெதுவாக நடந்தார். குளிருக்கு அப்படித்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பில் கீறல் இருந்து, அதன்மேலேயே நடந்ததால் விலகிவிட்டது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவே கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்க வேண்டும் என்றும், தானாகவே எழுந்து படுத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவருடைய மகள் வந்தார். அம்மா திங்கட்கிழமை காலையிலேயே அந்த இளம் இந்தியப் பெண்ணிடம் வலி என்று சொன்னாராமே, குறிப்பில் சாயங்காலம் ஐந்து மணி என்று இருக்கிறதே, நடுவே இருந்த பகல் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

டெபி என்னிடம் வந்து, "ஒரு க்விக் வேர்ட்?" என்றார். ஒரு சின்ன வார்த்தை. இரண்டு வருடத்தில் இந்த ஊரைப் பற்றி நான் கற்றது என்னவென்றால், சின்ன வார்த்தை என்று கூப்பிட்டால் கதவைச் சாத்துவார்கள். சாத்தினார். பினி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே ஷீபாவிடம் சொன்னேன் என்கிறாள் பினி, அப்படியா என்று கேட்டார் டெபி. எனக்கு நினைவே இல்லை. நிஜமாகவே இல்லை. "இல்லை, என்னிடம் சொல்லவில்லை" என்றேன், இலக்கணம் கொஞ்சமும் பிசகாமல். பினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அவள் டெபியிடம் திரும்பி, தான் சொல்ல மறந்துபோயிருக்கலாம் என்றாள். அப்புறம் டெபி அந்தத் தாளை எடுத்து, பினியின் கையெழுத்துக்கு மேலே என் எழுத்து ஏன் இருக்கிறது என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன் என்றேன். முதலில் எழுதியது எங்கே என்றார். கிழித்துவிட்டேன் என்றேன். நான் உதவி என்று நினைத்து வாய் நிறையச் சொன்னதைக் கேட்டு அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

நடைபாதையில் பினி என் பின்னாலேயே வந்தாள். "ஏன் அப்படிச் சொன்ன பிள்ளே?" என்று கேட்டேன்.

"சேச்சி சொன்னா அது சரியாட்டுதான் இருக்கும். நான் ஒருவேளை மனசுல சொல்லியிருப்பேன், வாயில சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள். பிறகு, "என்னைப் பறஞ்சு விட்டுருவாங்களா சேச்சி?" என்றாள். அவர்கள் பக்கத்தில் வேலையை விட்டு அனுப்புவதற்கு அப்படிச் சொல்வார்கள்.

விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் வேலைக்கு வரலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: மாத்திரை கொடுக்கக் கூடாது, எந்தக் குறிப்பும் எழுதக் கூடாது. பதினாறு வருடம் ஊரிலுள்ளவர்களின் விண்ணப்பம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எழுதிக் கொடுத்தவள், ஒரு கிழவர் எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தார் என்று எழுதக்கூட ஆள் தேட வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் சில வாரங்களில் வேறு இடம் கிடைக்க வேண்டும், பதிவைத் திருத்தினாள் என்ற பெயரோடு யார் கொடுப்பார்கள்? பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஜெயனும் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அபியும் அங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கூட்டிவர விதி இடம் கொடுக்கவில்லை. தபால் பெட்டியைத் திறப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வேன், அவ்வளவு வியர்க்கும். யாராவது "யூ ஆல்ரைட்?" என்றால் மறுபடியும் பழையபடி பதறினேன்.

அடுத்த விசாரணை வியாழக்கிழமை. என் தரப்பை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சபைக்குப் போய்விட்டு வந்து, என் அறையில் எழுத உட்கார்ந்தேன். முதலில் ரஃபாக எழுதலாம் என்று தாள் தேடியபோது தப்பு நோட்டு கையில் வந்தது. இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை, நோட்டு என் கைப்பையிலேயே வேலைக்கு வந்துபோகும். சேர்த்துவைத்த தப்புகளைக் கொண்டு பினி போன்ற பெண்களுக்கு என்றாவது வகுப்பு எடுக்கலாம் என்று ஓர் எண்ணம். சும்மா புரட்டினேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் அந்தத் திங்கட்கிழமையின் தேதி இருந்தது. கீழே என் எழுத்தில், ஒரு சொல்லும் மாற்றாமல், பினியின் வாக்கியங்கள்: 'மார்னிங் இட்செல்ஃப் டோரத்தி இஸ் டெல்லிங் லெக் பெய்ன். ஐ டோல்ட் டு ஷீபா சேச்சி மெடிசின் டைம்.' இட்செல்ஃப் அடியில் ஒரு சிவப்புக் கோடு. இஸ் டெல்லிங் அடியில் ஒன்று. டோல்ட் டு அடியில் ஒன்று.

காலையிலேயே வலி என்று சொல்கிறார், மாத்திரை கொடுக்கும் நேரத்தில் ஷீபா சேச்சியிடம் சொல்லிவிட்டேன் என்று அவள் எழுதியிருக்கிறாள். அதை நான் படித்திருக்கிறேன். படித்து, கோடு போட்டு, நோட்டில் ஏற்றி, இதெல்லாம் பதிவேட்டில் எழுதும் நடை இல்லை என்று கழித்துவிட்டு, மிச்சத்தை ஒரே வரியாக்கி ஐந்து மணி என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்த நேரமெல்லாம் என் கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, டோரத்தி தெரியவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலை நேரம் திரும்பி வந்தது. நான் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு மாத்திரை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பினி வருகிறாள்.

"சேச்சி, மார்னிங் இட்செல்ஃப் டோரத்தி இஸ் டெல்லிங் லெக் பெய்ன்."

நான் மாத்திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இஸ் டெல்லிங் இல்ல பிள்ளே, கம்ப்ளெய்னிங் ஆஃப். இட்செல்ஃப் வேண்டாம். ஒழுங்கா திருப்பிச் சொல்லு."

அவள் ஒரு விநாடி யோசித்து, திருத்தமாகச் சொன்னாள்: "டோரத்தி இஸ் கம்ப்ளெய்னிங் ஆஃப் பெய்ன் இன் ஹெர் லெக்."

"வெரி குட்," என்று சொல்லிவிட்டு அடுத்த மாத்திரையை எடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் சந்தோஷமாகப் போனாள். நானும் சந்தோஷமாக இருந்தேன். மேல்மாடியில் ஒரு வயதான பெண் உடைந்த எலும்போடு உட்கார்ந்திருந்தார்.

ஜெயனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், கடையை அடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த நோட்டு இருக்கது வேற ஆருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்னத்துக்குட்டி நீயாட்டுப் போய் கழுத்த நீட்டுக? தூக்கி அடுப்புல போடு."

"இங்க அடுப்புல தீ கிடையாது. கரண்டு அடுப்பு."

"அப்பம் கிழிச்சிப் போடு. கிழிக்கது ஒனக்கு வழக்கம்தானே," என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்கும் பயம். ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பிள்ள பேரு என்ன சொன்ன, பினியா? அதுக்க வீட்டுலயும் இந்நேரம் இப்படித்தான் ஒருத்தன் போன வச்சிக்கிட்டு நிப்பான்" என்றார். "ஒனக்கு எது சரின்னு படுகோ செய்யி. அபிட்ட நான் சொல்லிக்கிடுகேன், கேட்டியா?"

செய்ய முடியுமா என்று மூன்று நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். இந்த நோட்டே ஒரு குற்றம். இல்லத்தில் இருப்பவர்களைப் பற்றிய ஒரு சொல்லும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி. இதைக் கொடுத்தால் முதல் குற்றத்தோடு இரண்டாவதும் சேரும், போன விசாரணையில் சொன்னது பொய் என்றும் ஆகும். கொடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. சொல்ல மறந்துவிட்டதாகப் பினியே ஒப்புக்கொண்டிருக்கிறாள். தாளில் இருக்கும் என் ஒற்றை வரியை எந்தத் தேர்வில் கொடுத்தாலும் நான்காவது விடைதான் சரியாக வரும். நோ எரர். நோட்டின் முதுகுத் தையல்வரை பக்கத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் வந்துவிடும். எத்தனையோ ஆயிரம் தாளைக் கிழித்த கை. அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது, நோட்டைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் பீரோவுக்கு மேலே எட்டாத இடத்தில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன். விசாரணை அறையில் டெபியும், வேறொரு கிளையிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள். நோட்டை மேசைமேல் வைத்தபோது டெபி, இது உங்கள் எழுத்துமூல பதிலா என்று கேட்டார். இல்லை, இது என் தப்பு நோட்டு என்றேன். எந்தத் தப்பு என்றார். அதை விளக்குவதற்குப் பாதி நேரம் போய்விட்டது. அடுத்தவர் செய்த பிழைகளைத் தேதி போட்டு ஒருத்தி சேர்த்துவைப்பாள் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை, பினியை உளவு பார்த்தாயா என்று அந்த இன்னொருவர் கேட்டார். நான் டீச்சர் என்றேன். அது பதிலாகவே படவில்லை அவருக்கு. கடைசியில் டெபி அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். தப்பு எதிலும் தடுக்காமல், மிகச் சாதாரணமாக, எல்லாம் புரிகிறது என்பதுபோலப் படித்தார். காலையில் சொல்லியிருக்கிறாள், உன்னிடம் சொல்லியிருக்கிறாள் என்றார். ஆமாம் என்றேன்.

அங்கேயே, அவர்கள் கண்முன்னால், நடந்ததை எழுதச் சொன்னார்கள். ரஃப் இல்லாமல் நேராக எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. 'ஷீ டோல்ட் டு மீ' என்று நானே எழுதியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு ஒரு கோடு இழுத்தேன். பிறகு நான்கைந்து கோடு. முடித்ததும் என்னை அறியாமல், இன்னொரு தாள் தருகிறீர்களா, இதை நல்லபடியாக எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். டெபி என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். "இப்படியே இருக்கட்டும், லவ்," என்றார், இந்த ஊரார் யாரையும் அன்பாகக் கூப்பிடுவதுபோல.

பினிமேல் இருந்த விசாரணையை அன்றே முடித்துவிட்டார்கள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், பிறகு கொஞ்சம் கோபப்பட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் முடிவு தலைமை அலுவலகத்திலிருந்து தபாலில் வரும் என்றார்கள். இதை எழுதும்போது மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

டோரத்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். இனி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். அவருக்கு அந்தத் திங்கட்கிழமை நினைவில் இல்லை, என் பெயரும் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "யூ ஆல்ரைட்?" என்றார். எல்லோரும் சொல்லும் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது என்றேன். அவர் என் கையைத் தட்டி, தனக்கும்தான் என்றார்.

எழுதும் வேலை இப்போது பினியிடம். நேற்று டோரத்தியின் குறிப்பை எழுதிவிட்டுப் பழக்கத்தில் என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சேச்சி, தப்பு இருக்கா?"

மூன்று இருந்தன. மூன்றும் உடனே கண்ணில் குத்தின. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எத்தனை மணிக்கு வலின்னு சொன்னாங்க?" என்று கேட்டேன். அவள் காட்டினாள், எழுதியிருந்தது. "நீ யார்கிட்ட சொன்ன?" அதுவும் எழுதியிருந்தது, பெயரோடு. "தப்பு இல்ல," என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க சேச்சி என்றாள். பார்த்துவிட்டேன் என்றேன்.

அபி தினமும் போனில் கேட்கிறாள், "அம்மா, நீ வருகியா, வரல்லியா?" இன்னும் தெரியல மக்கா என்கிறேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை, எனக்கும் போதவில்லை. விசாரணை முடிந்த அன்றே பீரோவுக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன், கடிதம் வந்ததும் கையும் காலும் ஓடாது என்ற பயத்தில். அதன்பிறகு எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை. பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி கிடக்கிறது. காலையில் அதிலிருந்தே சீருடையை உருவிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, அபிக்கு வாங்கிய ஸ்வெட்டரின் மேல் திரும்ப வைக்கிறேன்.